மாருதி 800-க்குக் காது கொடுத்துக் கேட்ட பட்டறை

கோவை கணபதியில் உள்ள சின்னப் பட்டறை இது. என் 1998 மாருதி 800 எஞ்சினில் 'டக் டக்' சத்தம். எஞ்சினை இறக்கியே தீர வேண்டும் என்று வேறோர் இடத்தில் பயமுறுத்தியிருந்தார்கள். இங்கே மெக்கானிக் நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின்மீது ஊன்றி, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். எஞ்சின் ஓடும்போதே, சிலிண்டர்களுக்குத் தீப்பொறி தரும் மூன்று பிளக் ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். தட்டல் மாறவே இல்லை.

"பிஸ்டன் தண்டின் அடியில் இருக்கும் ராடு பேரிங் போயிருந்தால் அந்த சிலிண்டர் ஒயரை எடுத்ததும் சத்தம் அடங்கும், சார்" என்றார்.

குற்றவாளி கிராங்க் புல்லி, அதாவது எஞ்சினின் முதன்மைத் தண்டு முனையில் பெல்ட்டை ஓட்டும் சக்கரம். போல்ட் தளர்ந்து, அது தண்டில் நழுவாமல் பிடிக்க உள்ளே இருந்த 'கீ' என்ற சின்ன உலோகத் துண்டு தேய்ந்திருந்தது. மாற்றி இறுக்கியதும் அமைதி. தேய்ந்த கீயை என் கையில் கொடுத்த பிறகே பணம் வாங்கினார். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை, அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.