'வரலாற்றில் இன்று' லிஸ்ட் எல்லாம் எந்த அளவுக்கு நம்பலாம்? செப்டம்பர் 11 வச்சு ஒரு ரிவ்யூ

ஸ்கூல்ல காலை வழிபாட்டுக் கூட்டம் பாத்துக்குற எந்த டீச்சருக்கும் இந்த தலைவலி தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், பழமொழி, செய்தி எல்லாம் போக "இன்றைய நாளின் சிறப்பு"ன்னு ஒண்ணு வேணும், அதுவும் தினமும் வேணும், ஆறாங்கிளாஸ் புள்ள ஒண்ணு மைக் முன்னாடி நின்னு ஒரு நிமிஷத்துல படிச்சு முடிக்குற சைஸ்ல வேணும். அந்த வேலை என் தலையில விழுந்து வருஷக்கணக்கா ஆச்சு, அதனால இந்த "வரலாற்றில் இன்று" ஐட்டம் எந்தெந்த ரூபத்துல கிடைக்குதோ அத்தனையும் யூஸ் பண்ணியாச்சு. புதுசா இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு உதவட்டும்னு எழுதுறேன்.

தினசரி காலண்டர் தாள்ல வர்றது ரெண்டு வரிதான், தலைவர் பிறந்தநாள், நினைவுநாள், அவ்வளவுதான், ஆனா பெருசா தப்பு இருக்காது. டீச்சர்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல ராத்திரி பத்து மணிக்கு வர்ற பிடிஎஃப் ரொம்ப வசதி, கண்ண மூடிட்டு பிரிண்ட் போடலாம், ஆனா போன வருஷ ஃபைலையே தேதி மாத்தி அனுப்புறாங்கன்னு கொஞ்ச நாள்லயே புரிஞ்சுடும். மொபைல் ஆப்ல ஐம்பது அறுபது ஐட்டம் கொட்டும், அதுல பாதி நமக்கு சம்பந்தமே இல்லாத ஃபுட்பால் பிளேயர் பிறந்தநாள். விக்கிப்பீடியால வருஷத்தோட ஒவ்வொரு தேதிக்கும் தனிப் பக்கம் இருக்கு, தமிழ்லயும் இருக்கு, பேர தொட்டா அந்த ஆளோட பக்கத்துக்கே போயிடலாம், ரெண்டையும் ஒத்துப் பாத்துக்கலாம். எனக்கு கடைசில நிலைச்சது அதுதான்.

எந்த லிஸ்ட் புதுசா கையில வந்தாலும் நான் நேரா போய் பாக்குறது செப்டம்பர் 11. ஒரு தேதில என்ன எடுத்திருக்காங்க, என்ன விட்டிருக்காங்கன்னு பாத்தாலே லிஸ்ட் போட்ட ஆள் எங்க உக்காந்து போட்டிருக்காருன்னு தெரிஞ்சுடும். வெறும் 2001 நியூயார்க் தாக்குதல் மட்டும் இருந்தா, ஓகே, அது இருந்தே ஆகணும், கிட்டத்தட்ட 3000 பேர் செத்த நாள், ஆனா அதோட நின்னுட்டா அந்த ஆப் நம்ம புள்ளைங்களுக்கு செஞ்சது இல்லன்னு அர்த்தம். அன்னிக்கு டிவில பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், முதல் விமானம் மோதுனது அங்க காலை 8.46, நமக்கு சாயங்காலம் ஆறேகால்.

அடுத்து பாக்குறது விவேகானந்தர். 1893 செப்டம்பர் 11, சிகாகோ சர்வமத சபை. இது அநேகமா எல்லா இந்திய லிஸ்ட்லயும் இருக்கும், ஆனா "சகோதரிகளே சகோதரர்களே"ன்னு ஆரம்பிச்சார், கைதட்டல் வந்துச்சுன்றதோட முடிச்சுடுவாங்க. அவர அமெரிக்கா அனுப்ப மெட்ராஸ்ல வீடு வீடா காசு வசூல் பண்ணுன அளசிங்கப் பெருமாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். போங்கன்னு ஊக்கம் குடுத்தவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. திரும்பி வந்தப்போ பாம்பன்ல இறங்குனது 1897 ஜனவரி 26, பின்னாடி குடியரசு தினமா ஆன அதே தேதி. இதெல்லாம் சொன்னாதான் ராமநாதபுரம் பக்கத்துப் புள்ளைக்கு சிகாகோ கதை நம்ம ஊர்க்கதையா ஆகும், வாத்தியார் மேட்டர் சொன்னா ஸ்டாஃப் ரூம்லயும் கொஞ்சம் பெருமையா இருக்கும்.

இதே தேதில 1906ல தென்னாப்பிரிக்கா ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டர்ல சுமார் 3000 இந்தியர்கள் கூடி, எட்டு வயசுக்கு மேல இருக்குற ஒவ்வொரு இந்தியரும் கைரேகை வச்சு பதிவு பண்ணணும்னு வந்த டிரான்ஸ்வால் சட்டத்துக்கு அடங்க மாட்டோம்னு எழுந்து நின்னு சத்தியம் பண்ணாங்க, காந்தியோட சத்தியாகிரகம் அங்கதான் தொடங்குது. பல ஆப்ல இது இல்லவே இல்ல. ஆனா தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலுக்குப் போய் உடம்பு கெட்டு 16 வயசுல, 1914ல செத்துப்போனது இந்தப் போராட்டத்தோட தொடர்ச்சிலதான், அப்போ தமிழ்ல போடுற லிஸ்ட்ல இது இல்லன்னா எப்படிங்க?

1957ல ஒடுக்கப்பட்ட மக்களோட தலைவர் இமானுவேல் சேகரன் பரமக்குடில கொலை செய்யப்பட்டதும் செப்டம்பர் 11தான். ராமநாதபுரம் மாவட்டத்துல வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு தடை உத்தரவு (முன்னாடி 144, 2024 ஜூலைல இருந்து புது சட்டத்துல 163) போடுவாங்க, போலீஸ் குவிப்பாங்க, 2011ல இதே நாள் பரமக்குடில துப்பாக்கிச்சூடு நடந்து ஆறு பேர் செத்தாங்க. ஒரு மாவட்டமே மூச்ச பிடிச்சுட்டு இருக்குற தேதி, ஆனா பெரும்பாலான லிஸ்ட்ல ஒரு வரி கிடையாது. பிரச்சினை வேண்டாம்னு விடுறாங்களா, தெரியாமலே விடுறாங்களா, எதுவா இருந்தாலும் நான் மார்க் குறைப்பேன்.

மத்ததெல்லாம் இருந்தா போனஸ்: 1948ல ஜின்னா மறைவு, 1973ல சிலி நாட்டு ராணுவப் புரட்சி, ஜனாதிபதி அலெண்டே ஆட்சி கவிழ்ந்தது, 1895ல வினோபா பாவே பிறந்தது, 1911ல கிரிக்கெட் லாலா அமர்நாத்.

இப்போ பாரதி. இதுதான் நிஜமான டெஸ்ட். திருவல்லிக்கேணி வீட்ல அவர் உயிர் போனது நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணி வாக்குல. கடிகாரப்படி அது 1921 செப்டம்பர் 12, சென்னை மாநகராட்சி இறப்புப் பதிவுலயும் 12தான். ஆனா ஊர் முழுக்க நினைவுநாள் கொண்டாடுறது 11, தமிழ்நாடு அரசு 2021ல நூற்றாண்டு நினைவா "மகாகவி நாள்"னு அறிவிச்சதும் 11தான். நம்ம பழக்கத்துல சூரியன் உதிச்சாதான் அடுத்த நாள், அப்படி எண்ணுனா அது 11ஆம் தேதி ராத்திரியே, யாரும் பொய் சொல்லல. நல்ல லிஸ்ட்னா 12ன்னு போட்டுட்டு பக்கத்துல ஒரு சின்ன குறிப்பு குடுக்கும். சுமாரான லிஸ்ட் 11லயும் போடும் 12லயும் போடும், ஒரே ஆள் ரெண்டு நாள் சாவார். அதோட கோயில் யானை தள்ளி அதனாலயே செத்தார்னு ஒரு வரி சேத்தே ஆகணும்னு சிலர் அடம், யானை தள்ளுனது சில மாசம் முன்னாடி, அதுல இருந்து தேறிட்டாரு, கடைசில வயித்துக் கடுப்புதான் ஆளக் கொண்டுபோச்சு.

இந்த கடிகாரப் பிரச்சினை பாரதிக்கு மட்டும் இல்ல. நிலால ஆம்ஸ்ட்ராங் கால் வச்ச நேரம் அமெரிக்கால 1969 ஜூலை 20 ராத்திரி, நமக்கு அது ஜூலை 21 காலை எட்டரை மணி கிட்ட. கிளாஸ்ல ஒரு பையன் "அப்போ எது சார் கரெக்ட்?"னு கேட்டான், ரெண்டுமேன்னு சொன்னா நம்பவே இல்ல, குளோப் எடுத்துட்டு வந்து காட்ட வேண்டியதாப் போச்சு.

அடுத்த லெவல் காலண்டர். 1752ல இங்கிலாந்தும் அது ஆண்ட நாடுகளும் பழைய ஜூலியன் காலண்டர்ல இருந்து இப்போ நாம யூஸ் பண்ற கிரிகோரியனுக்கு மாறுனப்போ, செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு அடுத்த நாளே செப்டம்பர் 14 வியாழன். அதாவது அந்த வருஷம் அவங்களுக்கு செப்டம்பர் 11னு ஒரு நாளே கிடையாது! இத அசெம்பிளில சொன்னப்போ கிடைச்ச ரெஸ்பான்ஸ் வேற எதுக்கும் கிடைச்சது இல்ல, "அன்னிக்கு பொறந்தநாள் உள்ளவங்க என்ன பண்ணாங்க?"ன்னு ஒரு வாரம் கேட்டுட்டே இருந்துச்சுங்க.

இது எங்கயோ லண்டன் கதைன்னு நெனைக்காதீங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் மெட்ராஸ் கோட்டைல இங்கிலீஷ்காரன் எழுதுற தேதியும் புதுச்சேரில பிரெஞ்சுக்காரன் எழுதுற தேதியும் 11 நாள் வித்தியாசம், ஏன்னா பிரான்ஸ் 1582லயே மாறிடுச்சு. 1746ல பிரெஞ்சுத் தளபதி லபூர்தொன்னே கப்பல் படையோட வந்து மெட்ராஸ பிடிச்சாரே, அது பிரெஞ்சுக் கணக்குல செப்டம்பர் 21, இங்கிலீஷ் கணக்குல செப்டம்பர் 10. ஒரே சரணாகதி, ஒரே வெயில், ரெண்டு தேதி. ஈசிஆர்ல மூணு மணி நேரத்துல போற தூரம்தான், ஆனா பேப்பர்ல 11 நாள்! ஆப்ல இந்த மாதிரி பழைய சம்பவம் வந்தா எந்தக் காலண்டர்னு போட்டிருக்கானான்னு பாருங்க, போடலன்னா 1752க்கு முன்னாடி உள்ள இங்கிலீஷ் விஷயம் எல்லாத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடயே படிங்க, ரஷ்யான்னா 1918 வரைக்கும்.

பிறந்தநாள் பகுதிக்கு நான் குடுக்குற மார்க் இன்னும் கம்மி. நம்ம ஊர்ல ஒரு தலைமுறைக்கே தேதி குடுத்தது ஹெட்மாஸ்டர்தான், ஸ்கூல்ல சேக்கும்போது வயசு பத்தணும்னு ஏதோ ஒரு மே மாசமோ ஜூன் மாசமோ எழுதிடுவாங்க, எங்க ஸ்கூல் பழைய அட்மிஷன் ரெஜிஸ்டர திறந்தா தெரியும் ஜூன்ல எவ்வளவு பேர் "பிறந்திருக்காங்க"ன்னு. பெரிய ஆளுங்களுக்கும் இதே கதைதான். ஜின்னாவோட அதிகாரப்பூர்வ பிறந்தநாள் 1876 டிசம்பர் 25, ஆனா கராச்சில அவர் படிச்ச ஸ்கூல் ரெஜிஸ்டர்ல 1875 அக்டோபர் 20. ஸ்டாலின் (ரஷ்ய ஸ்டாலின்) கொண்டாடுனது 1879 டிசம்பர் 21, சர்ச் பதிவுப்படி (புதுக் காலண்டர் கணக்குல) 1878 டிசம்பர் 18. இவ்வளவு அதிகாரம் இருந்தவங்களுக்கே இந்த நிலமை.

இன்னொரு குறை, இத எந்த ஆப்பாலயும் சரி பண்ண முடியாதுன்னு நெனைக்கிறேன். ராஜராஜ சோழன் எந்தத் தேதில வருவார்? அவருக்கு இருக்குறது ஐப்பசி சதயம், இங்கிலீஷ் தேதி இல்ல. தஞ்சாவூர்ல சதய விழா ஒரு வருஷம் அக்டோபர் கடைசில வரும், இன்னொரு வருஷம் நவம்பர்ல வரும். நட்சத்திரம், திதின்னு நடக்குற எதுவுமே இந்த தேதி டப்பாக்குள்ள உக்காராது, அதனால ஆப்ல நம்ம பழைய ஆளுங்க யாரும் இல்லாத மாதிரியே தோணும். இதுக்கு நான் பஞ்சாங்கம் பாத்து தனியா ஒரு நோட்டு வச்சிருக்கேன்.

சரி, இதுல சந்தோஷமே இல்லையான்னா, இருக்கு, நிறைய இருக்கு. பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11 எட்டயபுரத்துல. அதே நாள், அதே வருஷம், அப்போ ஜெர்மனில இருந்த பிரெஸ்லாவ்ல பிறந்தவர் மாக்ஸ் போர்ன், குவாண்டம் இயற்பியலுக்கு 1954ல நோபல் வாங்குனவர். ஹிட்லர் காலத்துல ஜெர்மனிய விட்டு வெளியேறுன அவர சி.வி.ராமன் கூப்பிட்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல சில மாசம் வச்சிருந்தார். பாரதியும் அவரும் ஒரே நாள்ல கண்ண தொறந்தவங்கன்னு தெரிஞ்சா ஃபிசிக்ஸ் டீச்சரும் தமிழ் ஐயாவும் அன்னிக்கு ஒரு நாளாவது ஒரே விஷயம் பேசுவாங்க. ஆனா இதுல ஜாதகப் பொருத்தம் தேடுற ஆளுங்க இருக்காங்க, அதுதான் எரிச்சல். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் கட்டடத்துக்கு அடிக்கல் வேலை ஆரம்பிச்சது 1941 செப்டம்பர் 11, சரியா 60 வருஷம் கழிச்சு அதே தேதில அது மேலயும் தாக்குதல், உடனே "சும்மாவா நடக்கும்?"னு ஒரு ஃபார்வேர்டு. சும்மாதான் நடக்கும். 23 பேர் இருக்குற கிளாஸ்லயே ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர்றதுக்கு பாதிக்கு மேல வாய்ப்பு இருக்கு, உலகத்து சம்பவம் மொத்தத்தையும் 366 கட்டத்துக்குள்ள அடைச்சா மோதாம என்ன பண்ணும்.

யூஸ் பண்ற விதம் பத்தி: ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு எடுங்க. லிஸ்டா வாசிச்சா மூணாவது வரிலயே பின் வரிசை பேச ஆரம்பிச்சுடும். நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணிடுங்க, காலைல ஆறு மணிக்கு எந்த ராஜா எங்க செத்தான்னு நமக்கு வேண்டாம். காசு குடுத்து வாங்குற பிரீமியம் வெர்ஷன்ல விளம்பரம் போகுதே தவிர தகவல் கூடல, தேவையே இல்ல. ஓய்வுநாளா வர்ற தேதிக்கு வெள்ளிக்கிழமையே சேத்து படிச்சுடுங்க, இல்லன்னா சில தலைவருங்க தொடர்ந்து ரெண்டு வருஷம் வராமலே போயிடுவாங்க.

பிப்ரவரி 29க்கும் இதே வழிதான். சில ஆப் லீப் வருஷம் இல்லன்னா அந்தப் பக்கத்தையே காட்டாது, ஆனா அதுல ஒரு சூப்பர் ஜோடி இருக்கு. மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29, கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி அருண்டேல் 1904 பிப்ரவரி 29, மதுரை. 1900 லீப் வருஷம் கிடையாது, அதனால மொரார்ஜிக்கு பொறந்ததுக்கு அப்புறம் முதல் முதலா பிறந்தநாள் தேதி வந்ததே ருக்மிணி தேவி பிறந்த அன்னிக்குத்தான். 1977ல பிரதமரா இருந்த மொரார்ஜி, ஜனாதிபதி ஆகுறீங்களான்னு அந்தம்மாவக் கேட்டார், அவங்க வேண்டாம்னுட்டாங்க. அடுத்த 29 வர்றது 2028, செவ்வாய்க்கிழமை. அதுக்குள்ள இப்போ இருக்குற எட்டாங்கிளாஸ் எல்லாம் வேற ஸ்கூல் போயிடும், அதனால நாங்க 28ஆம் தேதியே படிச்சுடுறோம்.