வரலாறும் தலைமைப் பயிற்சியும் ஒரே வகுப்பில்: எங்கள் ஹோம்ஸ்கூல் கோ-ஆப் அனுபவம்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் (ஹோம்ஸ்கூலிங்) குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் கோ-ஆப்பில், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வரலாற்றையும் தலைமைப் பயிற்சியையும் ஒரே வகுப்பாக நடத்துகிறோம். என் மகளும் மகனும் சில ஆண்டுகளாக அதில் இருக்கிறார்கள். முறை வரும்போது நானும் பாடம் எடுக்கிறேன். இப்படி ஒரு வகுப்பு தொடங்கலாமா என்று மற்ற பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக, எது நிலைத்தது, எது நிற்கவில்லை என்று எழுதுகிறேன்.

தொடக்கத்தில் இரண்டும் தனித்தனி வகுப்புகள். தலைமைப் பயிற்சிக்கு விலைக்கு வாங்கிய ஒரு பாடத்திட்டத்தை வைத்திருந்தோம். வாரத்துக்கு ஒரு பண்பு: துணிவு, நேர்மை, பொறுமை என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய மனிதரின் கதை, அதன் கீழே கோடிட்ட இடங்கள். பிள்ளைகள் மரியாதையாக நிரப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பதினைந்து வயதில் 'துணிவாக இரு' என்று கேட்டு யாருக்கும் எதுவும் ஆவதில்லை. இப்போது செய்யப்போவது துணிவா, வெறும் அவசரமா என்று தெரியாமல் நிற்கும் இடத்தில்தான் அவர்களுக்குத் துணை வேண்டும். அந்தப் புத்தகத்தில் அது இல்லை.

அப்புறம்தான் இரண்டையும் சேர்த்தோம். விதி ஒன்றே ஒன்று: ஒரு வரலாற்றுச் சம்பவத்தை, முடிவெடுக்க வேண்டிய நொடியில் நிறுத்திவிட வேண்டும். அன்று அந்த மனிதர்களுக்குத் தெரிந்தது மட்டும் பிள்ளைகளின் கையில் இருக்கும். அவர்கள் பேசி முடிவெடுத்த பிறகுதான் உண்மையில் நடந்ததைச் சொல்வோம்.

இதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது கி.மு. 427இல் பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸின் மக்கள் மன்றத்தில் நடந்த விவாதம். மிட்டிலீன் என்ற நகரம் ஏதென்ஸின் கூட்டணியிலிருந்து விலகிக் கிளர்ச்சி செய்தது, தோற்றது. கோபத்தில் இருந்த மன்றம், அந்நகரின் வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொல்லவும், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கவும் தீர்மானித்து, உத்தரவோடு கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் பலருக்கு மனம் உறுத்த, விவாதம் மீண்டும் தொடங்கியது. இங்கே நிறுத்துவோம். பாதிப் பிள்ளைகள் தீர்மானத்தை நிலைநிறுத்தச் சொன்ன கிளியோன் பக்கம், மீதிப் பேர் எதிர்த்த டயோடோட்டஸ் பக்கம்.

எங்கள் பிள்ளைகள் இரக்கத்தைப் பற்றித்தான் உருக்கமாகப் பேசினார்கள். ஆனால் டயோடோட்டஸ் இரக்கத்தை வைத்து வாதாடவே இல்லை. சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால் இனிக் கிளர்ச்சி செய்யும் எந்த நகரமும் கடைசிவரை போராடும், அது ஏதென்ஸுக்குத்தான் நஷ்டம் என்றார். சிறிய வித்தியாசத்தில் அவர் பக்கம் வென்றது. இரண்டாவது கப்பல் விரைந்து போய் நகரத்தைக் காப்பாற்றியது. இதைக் கேட்டதும் அறையில் பெரிய சண்டையே நடந்தது. நல்ல முடிவுக்காகத் தன்னலத்தைக் காட்டி வாதாடலாமா? கோபமாக இருக்கும் கூட்டத்திடம் வேறு எப்படிப் பேசுவது? நகரம் தப்பினாலும், கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற தகவல் வந்ததும், வென்ற அணியும் அமைதியாகிவிட்டது. இந்த உரைகளை நமக்குத் தரும் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்து எழுதவில்லை, சூழலுக்கு ஏற்ப அமைத்தேன் என்று தானே ஒப்புக்கொள்கிறார். அதனால் 'இதை யார் எழுதியது, எப்போது, யாருக்காக' என்ற கேள்விகள் அன்றே வகுப்பில் பழக்கமாகிவிட்டன.

தென்துருவப் பயணி ஷாக்கிள்டனின் கதை எல்லோரும் எடுப்பது, நாங்களும் எடுத்தோம். கப்பல் 1915இல் பனியில் நொறுங்கியும் அவரையும் சேர்த்து அதில் இருந்த 28 பேரும் உயிர் பிழைத்தது பிள்ளைகளைக் கவரத்தான் செய்யும். ஆனால் அதே பயணத்துக்காக அண்டார்டிகா கண்டத்தின் மறுபக்கத்தில் உணவுக் கிடங்குகள் அமைக்கப்போன குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1962ஆம் ஆண்டின் கியூபா ஏவுகணை நெருக்கடி எங்களுக்குச் சரிவரவில்லை. பனிப்போரின் பின்னணியைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே வாரங்கள் ஓடிவிட்டன.

என் மகளைப் பிடித்து உலுக்கியது மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு: அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்துகளையே புறக்கணித்த போராட்டம். 1955 டிசம்பரில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானதை எல்லோரும் அறிவார்கள். அதே ஆண்டு மார்ச்சில், அதே நகரத்தில், இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான கிளாடெட் கால்வினுக்கு வயது 15. அவரை முன்னிறுத்திப் போராட்டம் நடத்த வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் பேருந்துப் பாகுபாட்டை முறியடித்த வழக்கில் மனுதாரர்களாக நின்ற நான்கு பெண்களில் அவரும் ஒருவர். தன் வயதில் ஒரு பெண் அப்படி நின்றாள், அவள் பெயர் பின்னுக்குப் போனது என்பதை என் மகளால் எளிதில் விட முடியவில்லை. அந்தப் பெரியவர்கள் செய்தது சரியா என்று வீட்டில் நாள்கணக்காகப் பேசினோம்.

என் மகனுக்குப் பிடித்தது வேறு. 381 நாள் பேருந்தில் ஏறாத மக்கள் எப்படி வேலைக்குப் போனார்கள்? அந்நகரின் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் ஒரே இரவில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டது, கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஆட்களை ஏற்றிச்சென்றது, ஏறும் இடங்களைக் குறித்துக் கொடுத்தது என்று அந்த ஏற்பாட்டு வேலையில் அவன் மூழ்கிப்போனான். மேடையில் பேசுகிறவர்தான் தலைவர் என்ற எண்ணம் அவனுக்குப் போனது அப்போதுதான். அவனே மேடைக்குக் கூசுகிறவன் என்பதால் எனக்கு அது பெரிய விஷயம்.

வகுப்பின் இன்னொரு பாதி, பிள்ளைகளே நிஜமான வேலைகளை நடத்துவது. கூட்டத் தலைவர், குறிப்பெடுப்பவர், நேரம் பார்ப்பவர் எனப் பொறுப்புகள் சுழற்சியில் வரும். பருவ இறுதியில் சிறிய பிள்ளைகளுக்காக ஒரு வரலாற்றுக் கண்காட்சி நடத்துவார்கள். இடம் ஒதுக்குவதிலிருந்து வேலை செய்யாத நண்பனிடம் பேசுவதுவரை எல்லாம் அவர்கள் பாடு. பெற்றோர் கைவைக்கக் கூடாது என்பதை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கடைசி வாரத்தில் யாராவது ஒருவர் எடுத்துச் செய்துவிடுவார், அதோடு பயிற்சி போயிற்று.

குறைகளும் உண்டு. 12 வயதும் 17 வயதும் ஒரே விவாதத்தில் உட்கார்ந்தால் பெரியவர்களே பேசுவார்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் தங்கள் முடிவை எழுத வேண்டும், வயதில் சிறியவரிலிருந்து வாசிக்க வேண்டும் என்று வைத்த பிறகு ஓரளவு சரியானது. மூலச் சான்றுகளைத் தேடி, பிள்ளைகள் படிக்கும் அளவுக்குச் சுருக்கித் தயார்செய்யப் பெற்றோருக்கு நிறைய நேரம் பிடிக்கும். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. வீட்டில் படித்துவராமல் வரும் பிள்ளை ஒருவர் இருந்தாலும் அந்த வார விவாதம் தளர்ந்துவிடும். மதம், அரசியல் தொட்ட தலைப்புகளில் குடும்பங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்து, ஒரு குடும்பம் விலகியும் போனது. பருவம் தொடங்கும் முன்பே தலைப்புகளை எல்லோருக்கும் அனுப்பி ஒப்புதல் வாங்குவது அதன் பிறகு வந்த வழக்கம்.

கால வரிசை இதில் பலவீனம்தான். சம்பவம் சம்பவமாகப் போவதால் எது முன், எது பின் என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். சுவரில் நீளக் காலக்கோடு ஒட்டி ஒவ்வொரு சம்பவத்தையும் குறிக்கிறோம். ஆனாலும் முழு வரலாற்றுப் பாடத்துக்கு இது மாற்றாகாது, வீட்டில் தனியாகப் படித்தே ஆக வேண்டும். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு இதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன்.

குடும்பங்கள் நான்கைந்துதான் இருந்தாலும் தொடங்கலாம். ஆனால் விவாதத்துக்கு எட்டுப் பிள்ளைகளாவது இருந்தால்தான் இரண்டு பக்கமும் சூடுபிடிக்கிறது. பன்னிரண்டைத் தாண்டினால் பேசாமலே ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது, அப்போது இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். அடுத்த பருவத்துக்கான சம்பவங்களை எங்கள் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கிறார்கள். 1986இல் வானில் வெடித்துச் சிதறிய அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தைய இரவு, குளிரில் ரப்பர் வளையங்கள் தாங்காது என்று பொறியாளர்கள் எச்சரித்த தொலைபேசிக் கூட்டம் பட்டியலில் முதலில் இருக்கிறது. அதற்கான ஆவணங்களைச் சுருக்கும் வேலையை இந்த முறை மூத்த பிள்ளைகளிடமே விட்டிருக்கிறோம்.