"வலிக்குமா?" என்று கேட்டாள் என் மகள்

இந்த முறை ஊரில் இருந்த மூன்று வாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்காக மருத்துவமனைக்கு அலைய வேண்டி வந்தது. என் 6 வயது மகளுக்கு விடாத காய்ச்சல். அக்கா மகனுக்கு 15 வயது, அடிக்கடி தலைவலி. வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளிடம் எப்படிப் பேசினார்கள் என்பதுதான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் ரத்தம் எடுக்க வந்தவர், "வலிக்கவே வலிக்காது பாப்பா" என்றார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவளைப் படுக்கவைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "அழுதா இன்னொரு ஊசி" என்ற குரலும் கதவுக்கு வெளியே கேட்டது. அன்று இரவு அவள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாள். "ஏம்மா பொய் சொன்னாங்க?" அப்புறம், "நான் சேட்டை பண்ணினதாலதான் காய்ச்சல் வந்துச்சா?" இரண்டாவது கேள்விதான் என்னை உலுக்கியது. நோய் என்பது தான் செய்த தப்புக்குத் தண்டனை என்று சின்னப் பிள்ளைகள் தாமாகவே நினைத்துக்கொள்வதுண்டு. ஊசியைக் காட்டி மிரட்டினால் அந்த நினைப்பு உறுதிப்படாமல் என்ன செய்யும்?

இரண்டு நாள் கழித்து மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை வயதில் மூத்த ஒரு நர்ஸ். வந்ததும் குனிந்து உட்கார்ந்து, அவள் கையிலிருந்த பொம்மையின் பெயரை விசாரித்தார். "வலிக்குமா?" என்றாள் மகள். "ஆமா கண்ணு, கொஞ்சம் குத்தும். நீ பத்து எண்ணுறதுக்குள்ள முடிச்சிடுவேன். எந்தக் கையில எடுக்கட்டும்?" "எடுக்கலாமா?" என்று அவர் கேட்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் ஏற்க முடியாத இடத்தில் அந்தக் கேள்வியே ஏமாற்று. கையைத் தேர்ந்தெடுப்பது மட்டும் உண்மையாகவே அவள் முடிவு. என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இடது கையை நீட்டினாள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தடுப்பூசி வலியைக் குறைக்கச் சொன்ன வழிகளும் இவைதான்: சின்னப் பிள்ளையைப் பெற்றவர் அணைத்துப் பிடித்திருக்க வேண்டும், வலிக்காது என்று பொய் சொல்லக் கூடாது.

முடிந்ததும் ஆறு முகங்கள் வரைந்த ஓர் அட்டையைக் காட்டினார். சிரிக்கும் முகத்துக்கு 0, கண்ணீர் விடும் முகத்துக்கு 10. வோங், பேக்கர் என்ற இரண்டு பெண்கள் 1980-களில் அமெரிக்காவில் உருவாக்கிய அளவுகோல் அது. மூன்று வயதுப் பிள்ளைகூட விரலை வைத்துக் காட்டிவிடும். மகள் 4-ஐத் தொட்டாள். "இவ்வளவுதானா?", "அவ்வளவா?" என்றெல்லாம் கேட்காமல் நர்ஸ் 4 என்றே எழுதிக்கொண்டார்.

அக்கா மகன் விஷயம் வேறு. டாக்டர் நல்லவர், பொறுமைசாலி. ஆனால் தூக்கம், படிப்பு, சாப்பாடு என எல்லாக் கேள்வியும் அக்காவிடமே போயின. பதில்களும் அக்காவுடையவை. பையன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் என்னிடம் மெல்லச் சொன்னான்: "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வரல சித்தி. என்னை யாரும் கேக்கலையே."

வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும்போது பெற்றவர்களைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்வது நல்ல முறை. வீடு, பள்ளி, பொழுதுபோக்கு, போதைப்பொருள், பாலியல், மனச்சோர்வு என்று எளிதான கேள்வியில் தொடங்கிக் கடினமானதற்குப் போவார்கள். அதற்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நீ சொல்வது நம்மோடு இருக்கும், உன் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் மற்றவர்களிடம் சொல்லியாக வேண்டும். தன்னைப் பற்றிய முடிவுகளில் பிள்ளையின் கருத்தும் கேட்கப்பட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும் சொல்கிறது. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது டாக்டருக்கு நேரமில்லை என்பது புரிகிறது. ஆனால் முதல் கேள்வியைப் பையனைப் பார்த்துக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அடுத்த வாரம் போனபோது அக்காவே, "டாக்டர், அவன் கொஞ்ச நேரம் தனியா பேசட்டுமா?" என்று கேட்டாள். தயங்காமல் சரி என்றார். நாங்கள் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. என்ன பேசினான் என்று நாங்கள் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: "டாக்டர் என்னைப் பதினஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்லியிருக்கார்."