ஈறோரப் பள்ளமும் இரண்டு குப்பிகளும்

அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு காகித மடிப்பை என் மேசை மேல் வைத்தார். உள்ளே அரிசி நொய் அளவுக்கு, நான் அவர் பல்லில் அடைத்த கம்போசிட் என்ற பல் நிற அடைப்பு. "இட்லியோடு விழுங்கியிருப்பேன் டாக்டரம்மா. நல்லவேளை, நாக்கில் இடறியது" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் வெட்கம், ஏனென்றால் இரண்டாவது முறையாக விழுந்திருக்கிறது.

மேல் கோரைப்பல்லில், ஈறை ஒட்டி ஆப்பு வடிவப் பள்ளம். வருடக்கணக்காகக் கடினமான பிரஷ்ஷால் ரம்பம் இழுப்பதுபோல் குறுக்கே தேய்த்தவர்களுக்கு வருவது. வெள்ளி நிற அமால்கம் காலத்தில் குழியின் அடிப்பக்கத்தை அகலமாகக் குடைந்து, அடைப்பு நழுவாமல் பூட்டிவிடுவார்கள். இந்தப் பள்ளமோ தட்டையான சாஸர். பூட்ட இடமில்லை. நிற்பதும் விழுவதும், அடைப்பைப் பல்லோடு ஒட்டும் பாண்ட் என்ற பசையின் கையில்தான்.

அப்போது நான் பயன்படுத்தியது, அமிலம் தடவிக் கழுவிய பிறகு பூசும் ஒற்றைக் குப்பி பாண்ட். பெயர் வேண்டாம், குற்றம் பாதி என்னுடையது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு நோயாளியிடம் பேசிக்கொண்டிருப்பேன். கரைப்பான் ஆவியாகி, மருந்து தேன்போல் கெட்டியாகிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். பல்லின் மேலோடான எனாமலுக்கு அடியில் இருப்பது டென்டின். அமிலம் அதன் தாதுவைக் கரைத்ததும் கொலாஜன் என்ற புரத இழைகள் வெறுமையாக நிற்கின்றன. நன்றாக உலர்த்தினால் அவை படுத்துவிடும், பாண்டின் பிசின் உள்ளே நுழையாது. ஈரம் மிஞ்சினாலும் கெடும். "லேசான பளபளப்பு இருக்க வேண்டும்" என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். மதியம் மூன்று மணிக்கு, பதினோராவது நோயாளியிடம், எது லேசான பளபளப்பு?

அந்த வாரமே கிளியர்ஃபில் எஸ்இ பாண்ட் வாங்கினேன். ஜப்பானின் குராரே தயாரிப்பு. பிரைமர் 6 மி.லி., பாண்ட் 5 மி.லி. என இரண்டு குப்பிகள். இதில் டென்டினுக்குத் தனி அமிலம் கிடையாது, பிரைமரே மிதமான அமிலம். 20 விநாடி தடவி, கழுவாமல் மெல்லிய காற்றால் உலர்த்த வேண்டும். பிறகு பாண்ட், 10 விநாடி நீல ஒளி. தாது முழுவதும் கரைவதில்லை. மிஞ்சிய தாதுவின் கால்சியத்தை, பிரைமரில் இருக்கும் எம்டிபி என்ற மூலக்கூறு ஒரு முனையால் பிடித்துக்கொள்கிறது, மறுமுனை பிசினோடு பிணைகிறது. பளபளப்பைக் கண்ணால் எடைபோடும் வேலை எனக்கு மிச்சம்.

எனாமல் வேறு கதை. அது எடையில் சுமார் 96 சதவீதம் தாது. பெயின்ட் ஒட்டுவதற்காக உலோகத்தில் பாஸ்பாரிக் அமிலம் பூசும் தொழிற்சாலை வழக்கத்தைப் பார்த்து, 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர் அதையே எனாமலில் செய்துபார்த்தார். அவர் கண்ட வழியை இன்றும் வெல்ல முடியவில்லை. சீவாத எனாமலில் இந்தப் பிரைமரின் மிதமான அமிலம் போதாது. ஆகவே எனாமல் விளிம்பில் மட்டும் 37 சதவீத பாஸ்பாரிக் ஜெல்லை 15 விநாடி வைத்துக் கழுவுகிறேன். உலர்ந்ததும் விளிம்பு சாக்பீஸ் தூள் படிந்ததுபோல் வெளுக்கும். அந்த வெண்மை தெரியாவிட்டால் மேலே போவதில்லை. ஜெல் டென்டினில் வழிந்துவிடக் கூடாது. வழிந்தால் பழைய தலைவலி திரும்பிவிடும்.

அந்த அம்மாவுக்கு மூன்றாம் முறை இப்படித்தான் செய்தேன். வழவழப்பாக இறுகிப்போன டென்டினை டிரில்லின் பர்ரால் லேசாகச் சுரண்டினேன். ஈறோரம் நூல் வைத்துக் கசிவைத் தடுத்தேன். காற்றுக் குழாயை முதலில் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஊதினேன். ஐயோ, பொடிப்பொடியாக நீர்த்துளிகள்! கம்ப்ரஸரின் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தொடங்க முடிந்தது. முந்தைய இரண்டு முறையும் இந்தத் துளிகள் போய் எங்கே உட்கார்ந்திருக்கும் என்று இப்போது யோசித்து என்ன பயன்?

இரண்டு வருடமாகிறது, அடைப்பு இருக்கிறது. நான் அடைத்த ஒரு பல்லை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் இதே மருந்தை, இதேபோன்ற ஈறோரப் பள்ளங்களில் வைத்து 13 ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். மிகப் பெரும்பாலானவை உதிரவில்லை.

அவசரக்காரர்களுக்கு இது சரிவராது. இப்போது ஒரே குப்பியில் எல்லாவற்றையும் அடக்கிய யுனிவர்சல் பாண்டுகள் வந்துவிட்டன, அவற்றில் பலவற்றிலும் எம்டிபி இருக்கிறது. அழும் குழந்தையின் வாயில் நானும் அதைத்தான் எடுப்பேன். பெரியவர்களின் ஈறோரப் பள்ளத்துக்கு, பிரைமரின் மேல் தண்ணீர் கலக்காத தனிப் பிசின் அடுக்கு வருவதே எனக்குப் பிடிக்கிறது.

வாங்குகிறவர்கள் கவனிக்க: இதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மே மாதத்தில் ஆர்டர் செய்தால் பார்சல் எப்படி வருகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். குளிர்ப் பொதி இல்லாமல் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கையுறையில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே மாற்றுங்கள். இதிலுள்ள ஹீமா என்ற வேதிப்பொருள் கையுறையை ஊடுருவித் தோலுக்குப் போய்விடும். என் உதவியாளர் முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார். இப்போது குப்பியை அவர்தான் திறக்கிறார், சொட்டு விட்டதும் மூடுகிறார், என்னைத் தொடவிடுவதில்லை.