மாணவர் ஆய்வுக்கு ஆன்லைன் குறிப்பேடுகள்: வகுப்பறை அனுபவம்

சில ஆண்டுகளாக என் வகுப்பில் ப்ராஜெக்ட்டுக்கான குறிப்பெடுப்பு முழுக்க ஆன்லைனில்தான் நடக்கிறது. கூகுள் கீப், ஒன்நோட், கூகுள் டாக்ஸ், மேல் வகுப்புக்கு நூல், கட்டுரை விவரங்களைச் சேகரித்து மேற்கோள் காட்ட உதவும் ஸோட்டிரோ என்று எல்லாவற்றையும் பயன்படுத்திவிட்டேன். எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். குறிப்பு எங்கிருந்து வந்தது, அதைப் படித்துவிட்டு மாணவர் என்ன நினைத்தார், இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறதா?

ஏனென்றால் இந்தச் செயலிகள் எல்லாமே காப்பி பேஸ்ட்டை மிகச் சுலபமாக்கிவிட்டன. பக்கம் பக்கமாக ஒட்டி வைத்துவிட்டு "குறிப்பு எடுத்தாச்சு" என்பார்கள். 2014இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் கேட்டதை அப்படியே தட்டச்சு செய்ததும், கருத்தைப் புரிந்து பதில் சொல்லும் கேள்விகளில் பின்தங்கியதும் தெரியவந்தது. பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. என் அனுபவத்தில், கருவியைவிட அதில் எழுதும் முறைதான் முக்கியம்.

அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒட்டிய வரிக்குக் கீழே லிங்க், அதற்குக் கீழே சொந்த வாக்கியம், கடைசியில் ஒரு கேள்வி. ப்ளூட்டோ பற்றி ஒரு மாணவி எடுத்த குறிப்பைச் சொல்கிறேன். ஒரு கோள் தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தில் மற்ற பொருட்கள் இல்லாமல் ஆக்கியிருக்க வேண்டும் என்ற, சர்வதேச வானியல் ஒன்றியத்தின் 2006 விதியை ஒட்டியிருந்தாள். சொந்த வாக்கியம்: "ப்ளூட்டோ போகும் வழியில் அதைப் போலவே வேறு பொருட்களும் இருக்கின்றன, அதனால் அது கோள்களில் சேராது." கேள்வி: "நெப்டியூன் பாதையில் ப்ளூட்டோவே குறுக்கே வருகிறதே, அப்போது நெப்டியூன் மட்டும் எப்படிக் கோள்?"

எவ்வளவு அருமையான கேள்வி! 1979 முதல் 1999 வரை ப்ளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில்தான் இருந்தது. அங்கிருந்து தேடிப் போய், நெப்டியூன் மூன்று முறை சுற்றும் நேரத்தில் ப்ளூட்டோ இரண்டு முறை சுற்றுகிறது, நெப்டியூனின் ஈர்ப்புதான் அந்தத் தாளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது வரை அவளே கண்டுபிடித்தாள். அந்தக் கேள்வியே அவளுடைய ஆய்வுத் தலைப்பாகிவிட்டது. டாக்ஸில் பதிப்பு வரலாறு இருப்பதால், எந்த வரி எப்போது வந்தது, எதை அழித்துவிட்டு எதை எழுதினாள் என்பதையெல்லாம் நானும் பார்க்க முடிந்தது. முடித்த கட்டுரையை மட்டும் வாங்கித் திருத்தினால் இதெல்லாம் கண்ணில் படவே படாது.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீப் தொடக்கத்துக்கு நல்லது. டாக்ஸின் பக்கவாட்டில் திறந்து, குறிப்பை இழுத்துக் கட்டுரைக்குள் போடலாம். ஆனால் கோப்புறை கிடையாது, லேபிள் மட்டும்தான், குறிப்பு பெருகினால் தேடியே களைத்துப்போவோம். ஒன்நோட்டின் வகுப்புக் குறிப்பேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பகுதி உண்டு. ஆசிரியர் எல்லாவற்றையும் பார்க்கலாம், சக மாணவர் பார்க்க முடியாது. கூச்சப்படும் பிள்ளைகள் இதில்தான் தாராளமாக எழுதுகிறார்கள்.

மேல் வகுப்புக்கு ஸோட்டிரோவையே சொல்வேன். 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள் இது. பிடிஎஃப்பில் வண்ணம் தீட்டிய வரியைக் குறிப்பில் சேர்த்தால், நூல் விவரமும் பக்க எண்ணும் கூடவே வந்துவிடும். "சார், இது எந்தப் பக்கம்னு மறந்துட்டேன்" என்ற பேச்சே இல்லை. பழகக் கொஞ்ச நாளாகும், அவ்வளவுதான். ஆன்லைனில் கோப்புகளைச் சேமிக்கத் தரும் இலவச இடம் 300 எம்பி என்பதால் கனமான பிடிஎஃப்களை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பல செயலிகளில் கட்டுரையைத் தானே சுருக்கித் தரும் ஏஐ பட்டன் வந்துவிட்டது. படிக்கும் கட்டத்தில் அதைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். எது முக்கியம், எதை விடலாம் என்று மாணவர் தடுமாறி முடிவெடுப்பதுதானே ஆய்வு? சொந்தக் குறிப்பு எழுதி முடித்த பிறகு, எதை விட்டுவிட்டோம் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் பயன்படுத்தட்டும்.

அப்புறம், இலவசத் திட்டத்தை நம்பி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட வேண்டாம். எவர்நோட் என்ற குறிப்பேட்டுச் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்கை 50 குறிப்பு, ஒரே குறிப்பேடு என்று சுருக்கியது. பருவம் முடிந்ததும் எல்லோரும் குறிப்புகளை பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்கிறோம். மேற்கோள் காட்டும் இணையப் பக்கங்களை இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து, அந்த லிங்க்கையும் குறிப்பில் சேர்க்கச் சொல்கிறேன். மூலப் பக்கம் காணாமல் போனாலும், அடுத்த ஆண்டு அதே தலைப்பை எடுக்கும் மாணவர் அங்கிருந்தே தொடரலாம்.