ரீஃப் தொட்டிக்கு ஏசி பம்பா, டிசி பம்பா? குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

வீட்டில் பவளமும் கடல் மீனும் வளர்க்கும் ரீஃப் தொட்டி வைக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சத்தம் இல்லாத பம்ப் எது?" என்றுதான். நியாயமான கேள்வி. முன்னறையில் ராப்பகலாக ஓடப்போகிற பொருள் அது. ஆனால் நம் மாவட்டத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கரண்ட் போயிட்டு வந்தா தன்னால ஓடுமா?

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் ஊர் இது. சித்திரை, வைகாசியில் சாயங்கால இடிமழை வேறு. ஒரு தென்னை ஓலை கம்பியில் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். பராமரிப்புக்கென்று முன்கூட்டியே சொல்லி நிறுத்தும் நாட்கள் தனி. போன கரண்ட் வந்து, மின்விசிறி சுற்றி, ஃபிரிட்ஜ் ஓடி, தொட்டி பம்ப் மட்டும் கிளம்பாமல் கிடந்தால், வேலை முடிந்து வருகிறவர் பார்ப்பது மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறும் மீன்களைத்தான். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரை விடக் குறைவாகவே ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். சூடு ஏறினால் இன்னும் குறையும். அதனால் ஒவ்வொரு தடவையும் தானே கிளம்புகிறதா, கெட்டால் இங்கேயே சரிசெய்ய முடிகிறதா என்பதை முதலில் பார்க்கிறேன். சத்தம் அதற்குப் பிறகுதான்.

வாங்கும் முன் அளவைச் சரியாகக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். 200 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டுக்குள் கீழே இருக்கும் துணைத் தொட்டியான சம்ப்பிலிருந்து மேலே தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல நாலைந்து மடங்கு, அதாவது 800 முதல் 1000 லிட்டர் கொண்டுபோனால் போதும். பெட்டியில் '2700 லிட்டர், 3 மீட்டர்' என்று போட்டிருந்தால், மூன்று மீட்டர் உயரத்தில் அந்தப் பம்ப் ஒரு சொட்டுக்கூடத் தராது என்று பொருள். ஸ்டாண்டோடு சேர்த்து நம் தொட்டிகளின் ஏற்றம் ஒன்றே கால் முதல் ஒன்றரை மீட்டர் வரும். அந்த உயரத்தில் போட்டிருப்பதில் பாதியை எதிர்பார்க்கலாம். எல்போ, வால்வு எல்லாம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே 200 லிட்டருக்கு 2500 லிட்டர் பம்ப் பெரிதல்ல, அளவானது. பம்ப் வாய் ஒரு இஞ்சாக இருக்கும்போது அரை இஞ்சுப் பைப்பை மாட்டி நெரிக்காதீர்கள்.

ஏசி பம்ப் மிக எளிமையான பொருள். நேராகச் சுவர் பிளக்கில் சொருகலாம். உள்ளே சுழலும் காந்தமான ஒரு ரோட்டார், அதன் நுனியில் தண்ணீரைத் தள்ளும் சிறகுச் சக்கரமான இம்பெல்லர், சுற்றிலும் எப்பாக்சிப் பிசின் ஊற்றி அடைத்த காயில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பொதுவாக நிமிடத்துக்கு 3000 சுற்று. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அந்த 'ம்ம்ம்' ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். எந்த ஏசி பம்பிலும் அது இருக்கும், நல்லதில் அடங்கியிருக்கும். உள்ளே எலக்ட்ரானிக்ஸ் பெரிதாக எதுவும் இல்லை. தேய்வது இம்பெல்லரும் ஷாஃப்டும்தான், இரண்டையும் தனியாக வாங்கிப் போடலாம்.

இந்த வகையிலேயே இரண்டு தரம் உண்டு. எல்லா மீன் கடையிலும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பம்புகள் ஒன்று. தங்கமீன் தொட்டிக்குத் தாராளமாகப் போதும். ரீஃப் தொட்டிக்கு வாங்குவதானால் ஷாஃப்டைக் கழற்றிப் பாருங்கள். செராமிக் என்றால் பரிசீலிக்கலாம். ஸ்டீல் என்றால் உப்பில் துருப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம். எப்பாக்சி அடைப்பில் விரிசல் விழுந்து உள்ளிருக்கும் செம்பு தண்ணீரில் கலந்தால் இறாலும் பவளமும் தாங்காது. இதற்காகவே முதன்மைப் பம்பாக மலிவான ஒன்றை வைக்க எனக்கு மனம் வராது.

இன்னொரு தரம் ஜெர்மனியின் ஏஹைம், இத்தாலியின் சிச்சே போன்றவை. சிச்சேயின் சின்க்ரா சைலண்ட் 3.0 மணிக்கு 2700 லிட்டர், 3 மீட்டர், 45 வாட். மேலே சொன்ன 200 லிட்டர் தொட்டிக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். ஏஹைம் 1262 மணிக்கு 3400 லிட்டர். கனமானது, சம்ப்புக்கு உள்ளேயும் வைக்கலாம், வெளியே வைத்தும் ஓட்டலாம். இரண்டிலும் செராமிக் ஷாஃப்ட்தான். வருடக்கணக்கில் ஓடும் என்று பெயர் வாங்கியவை, அந்தப் பெயர் நியாயமானது.

டிசி பம்ப் வேறு சாதி. பெரும்பாலும் 24 வோல்ட் அடாப்டர், அதிலிருந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கன்ட்ரோலர், அதிலிருந்து தண்ணீருக்குள் மோட்டார். ஜபாவ், சிச்சேயின் எஸ்டிசி, ஈகோடெக்கின் வெக்ட்ரா எல்லாம் இந்த வகை. வேகத்தை விருப்பம் போல வைக்கலாம். மெதுவாகத் தொடங்கி ஏறும், தூக்கிப் போட்டது போல அதிராது. தேவையை விட ஒரு அளவு பெரிதாக வாங்கி 60 சதவீதத்தில் ஓட்டினால், சம்ப் கதவை மூடியபின் ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மோட்டாருக்கு அலைபோலச் சீராக ஏறி இறங்கும் மின்சாரம் தரும் 'சைன் அலை டிரைவ்' என்று போட்டிருப்பவை இன்னும் அமைதி. சத்தத்தை மட்டும் பார்த்தால் டிசி ஜெயித்துவிட்டது, இதில் வாதத்துக்கே இடமில்லை.

கரண்ட் பில்லில் அவ்வளவு பெரிய வித்தியாசம் வராது. 45 வாட் ஏசி பம்ப் இரண்டு மாதத்தில் சுமார் 65 யூனிட், அதே வேலையை 30 வாட்டில் செய்யும் டிசி சுமார் 43 யூனிட். மிச்சம் இருபது சொச்சம் யூனிட். அதை வைத்து டிசியின் விலையை ஈடுகட்டிவிடலாம் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். எனக்குப் பெரிதாகத் தெரிவது சூடுதான். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் தண்ணீரின் சூடாகவே முடிகிறது. 45 வாட் என்பது, வெப்பம் எங்கும் வெளியேறாமல் இருந்தால், 200 லிட்டரை ஒரே நாளில் நாலரை டிகிரி ஏற்றிவிடும். ஆவியாதலும் மின்விசிறியும் அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோகும் என்றாலும், ஏப்ரலில் நாகர்கோவில் வீட்டு மாடியறையில் தொட்டி ஏற்கெனவே முப்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அந்த 15 வாட் வித்தியாசம் பவளத்துக்குப் புரியும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாதவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். சூடான பம்பின் மேல் சுண்ணாம்பும் சீக்கிரம் படியும்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். கரண்ட் வந்ததும் கிளம்புவதில் இரண்டு வகையும் இரண்டு விதமாகக் காலை வாரும்.

ஏசி பம்பில் வில்லன் சுண்ணாம்பு. ஓடிக்கொண்டிருக்கும்வரை படிமம் இருந்தாலும் ஓடும். நின்று மறுபடி தொடங்கும்போதுதான் மாட்டும். லோ வோல்டேஜில் கிணற்று மோட்டார் சுற்றாமல் முனகுமே, அதே முனகல்தான். இதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசி மாட்டினால் தீர்ந்தது. செராமிக் ஷாஃப்ட் கீழே விழுந்தால் உடையும், தரையில் ஒரு துணி விரித்துக்கொண்டு கழற்றுங்கள்.

டிசி பம்பில் மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போவது அடாப்டர், அல்லது கன்ட்ரோலர். அடாப்டர் போனால் பயப்பட வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபையர்களில் பெரும்பாலும் இருப்பதும் 24 வோல்ட் அடாப்டர்தான், மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் ஆர்.ஓ. சர்வீஸ் செய்பவரிடமே வாங்கலாம். 24 வோல்ட், 2.5 ஆம்பியர் என்றால் 60 வாட் தாங்கும். 30 வாட் பம்புக்குத் தாராளம். பின்னின் அளவும் பாசிட்டிவ் நெகட்டிவும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் போனால்தான் திண்டாட்டம். அதே கம்பெனி, அதே மாடல் வேண்டும். திருவனந்தபுரத்தில் இல்லாவிட்டால் சென்னையில் அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குச் சொல்லி கூரியரில் வரவழைக்க வேண்டும். அதுவரை தொட்டி காத்திருக்காது.

கடலோர வீடுகளில் இது இன்னும் கூர்மையாகிறது. குளச்சலில் ஒரு நண்பர் வீட்டில், சம்ப்புக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டிய கன்ட்ரோலர் ஒரு வருடத்துக்குள் போய்விட்டது. திறந்து பார்த்தபோது போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. கடற்காற்றின் உப்பு பாதி, சம்ப்பிலிருந்து தெறித்துப் படர்ந்த உப்பு பாதி. முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் டிசி வைப்பவர்கள் கன்ட்ரோலரைச் சம்ப் அறைக்கு வெளியே, மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், தொட்டி மட்டத்துக்கு மேலே வையுங்கள். வயரைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் அதிகமாக உறுமும், சூடாகும். சைன் வேவ் என்றால் கவலையில்லை. அடாப்டர் வழியாக ஓடும் டிசி இரண்டிலும் பெரும்பாலும் அலட்டிக்கொள்ளாது. 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், வேறெதுவும் ஓடாதபோது இப்படி ஒரு பம்பை ஒரு பகல் முழுக்கத் தாங்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்துக் கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோமே, அப்படிப்பட்ட நாளுக்கு எந்த இன்வெர்ட்டரும் போதாது. யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறும் ஒரு சின்ன ஏர் பம்ப் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தொட்டிக்குக் கட்டாயம். உப்புத் தண்ணீரில் கை விடுகிறோம், உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் அதை வீட்டுக்குப் பொதுவான ஒன்றோடு சேர்க்காமல் தனியாகப் போடச் சொல்லுங்கள். கிணற்று மோட்டாரின் கசிவுக்கு டிரிப் ஆகி, ஆளில்லாத வீட்டில் தொட்டியும் சேர்ந்து அணைந்துவிடக் கூடாது.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பம்பைக் குறை சொல்லும் வீடுகளில் பலவற்றில் சத்தம் போடுவது பம்ப் அல்ல. மேலிருந்து சம்ப்புக்கு இறங்கும் பைப் 'களக் களக்' என்று காற்றை விழுங்குகிறது. அல்லது அதிர்வு பிவிசி பைப் வழியாகப் பிளைவுட் ஸ்டாண்டுக்கு ஏறி ஸ்டாண்டே பாடுகிறது. பம்ப் வாயில் ஒரு சாண் சிலிக்கான் ஹோஸ், அடியில் சிலிக்கான் பட்டை, சம்ப்பில் தண்ணீர் மட்டம் சுழி விழாத அளவுக்கு. இவ்வளவும் செய்தபின் கேட்டுப் பாருங்கள். டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையுமான அறையில் எந்தச் சத்தமும் இரட்டிப்பாகத்தான் கேட்கும்.

தொட்டிக்குள்ளேயே நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கரில் எனக்குத் தயக்கமே இல்லை, டிசிதான். மென்பவளங்களுக்குத் தொட்டியின் பத்து இருபது மடங்கு ஓட்டம் போதும், அதுவும் மாறி மாறி வர வேண்டும். அந்த மாற்றத்தை டிசி எளிதாகத் தரும். பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியதாக இரண்டு வாங்குங்கள், ஒன்று நின்றாலும் இன்னொன்று காப்பாற்றும். டுன்ஸே கம்பெனியுடையது அமைதியானது. ஈகோடெக்கின் வோர்டெக்கில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே, உள்ளே சுழலும் விசிறியைக் காந்தத்தால் மட்டும் பிடித்திருக்கும். சூடும் மின்சாரமும் தண்ணீருக்குள் போகாது, ஆனால் வேகம் கூட்டினால் அறையில் கேட்கும்.

நம்மூருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலைத் தொட்டியில் போட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். அதில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. ஆலையில் அதைப் பிரிப்பதே காந்தத்தால்தான். பம்பின் ரோட்டாரும் காந்தம். மணல் துகள் அதில் ஒட்டி, உறைக்கும் ரோட்டாருக்கும் நடுவில் அரைத்து, எந்த விலையுயர்ந்த பம்பையும் சீரழித்துவிடும். அந்த மணலில் கதிரியக்கமுள்ள மோனசைட்டும் உண்டு, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய பொருளே அல்ல. கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்து வருவதும் கூடாது. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

என் தேர்வு இதுதான். ரிட்டர்னுக்கு நல்ல ஏசி பம்ப், கூடவே ஒரு ஸ்பேர் இம்பெல்லர். ஓட்டத்துக்கு இரண்டு சிறிய டிசி வேவ்மேக்கர், அதில் ஒன்று இன்வெர்ட்டர் லைனில். படுக்கையறைத் தொட்டி, அல்லது சில்லர் இல்லாத மாடியறை என்றால் ரிட்டர்னும் டிசியாக இருக்கலாம். ஆனால் பம்ப் வாங்கும் அன்றே இன்னொரு கன்ட்ரோலரும் சேர்த்து வாங்கப் பணம் இருந்தால் மட்டும். அது முடியாவிட்டால் ஏசியின் மெல்லிய ரீங்காரத்தோடு இருப்பதே தொட்டிக்குப் பாதுகாப்பு.

எதை வாங்கினாலும், கடையிலேயே ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பாருங்கள். ஏசி என்றால் ஒவ்வொரு முறையும் தடதடக்காமல் கிளம்ப வேண்டும். டிசி என்றால் எந்தப் பட்டனையும் தொடாமல் முன்பு வைத்த அதே வேகத்துக்குத் திரும்ப வேண்டும். தண்ணீர் வற்றினால் தானே நிற்கும் வசதி இருந்தால், தண்ணீர் வந்ததும் தானே ஓடுகிறதா அல்லது யாராவது வந்து அழுத்த வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.