பணம் யார் பெயருக்கு வருகிறது?

சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்குள் புதிதாக நுழைகிறவர்கள் எந்த அறக்கட்டளை எவ்வளவு தருகிறது என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன்: விண்ணப்பத்தை எழுதுவது யார்?

பிரிட்டனின் சர்க்கரை நோய் அறக்கட்டளையான டயாபெடீஸ் யூகே அமைப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் பிஎச்.டி நிதிக்கு விண்ணப்பிப்பவர் மாணவர் அல்ல, கைடு. நிதி கைக்கு வந்த பிறகுதான் மாணவரைத் தேடுவார். மாணவருக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. ஆனால் ஆராயும் கேள்வி இரவல். கைடோடு ஒத்துப்போகவில்லை என்றால் கஷ்டம்தான்.

அதே அமைப்பின் ஆர்.டி. லாரன்ஸ் ஃபெலோஷிப், அதாவது ஆய்வாளருக்கான நிதி, வேறு ரகம். பிஎச்.டி முடித்தவர் தன் பெயரில், தன் கேள்வியோடு போகிறார். அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு. லாரன்ஸ் ஒரு மருத்துவர். 1920இல் அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. இன்சுலின் இல்லாத காலம். சாகத்தான் போகிறோம் என்று இத்தாலியின் ஃபிளாரன்ஸுக்குப் போய்விட்டார். 1923இல் இன்சுலின் வந்துவிட்டது என்று லண்டனிலிருந்து சேதி வர, திரும்பி வந்து ஊசி போட்டுக்கொண்டார். அப்புறம் 1934இல், தன்னைப் போலவே சர்க்கரை நோயாளியான எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸோடு சேர்ந்து இந்த அமைப்பைத் தொடங்கினார். இன்றும் இங்கே விண்ணப்பங்களை விஞ்ஞானிகள் மட்டும் படிப்பதில்லை. சர்க்கரை நோயோடு வாழ்பவர்களும் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். தன் ஆய்வு எதற்கு என்று நோயாளிக்குப் புரியும்படி எழுதுவது ஓர் இளம் விஞ்ஞானிக்கு நல்ல பயிற்சி. பலர் அங்கேதான் தடுமாறுவார்கள் என்பது என் ஊகம்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பாத்வே திட்டம் 2013இல் அறிவிக்கப்பட்டது. தொகை வாயைப் பிளக்க வைக்கும்: ஒருவருக்கு 16 லட்சம் டாலருக்கு மேல், 5 முதல் 7 ஆண்டுகள் வரை. எழுதித் தரும் ஆய்வுத் திட்டத்தை நம்பி அல்ல, ஆளை நம்பிக் கொடுக்கிறோம் என்பது அவர்கள் கொள்கை. ஆய்வு பாதியில் திசை மாறினாலும் பயமில்லை. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் நீங்களாகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. உங்கள் நிறுவனம் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும், அதுவும் ஒரு சுற்றுக்கு ஒருவரைத்தான். போட்டியின் முதல் பாதி சொந்த வளாகத்துக்குள்ளேயே நடந்துவிடும். துறைத் தலைவருக்கு வேண்டியவர் முந்திக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

நீரிழிவு ஆய்வுக்கான ஐரோப்பிய அமைப்பின் ஆல்பர்ட் ரெனால்ட் பயண நிதி இவற்றுக்கு முன்னால் சில்லறை. இன்னொரு ஆய்வகத்தில் சில வாரங்கள், அதிகம் போனால் 3 மாதம் தங்கி, ஒரு செய்முறையைக் கற்று வரலாம். கணையத் திசுவைப் பிரித்தெடுப்பது போன்ற கைப்பழக்கம் கட்டுரை படித்து வராது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். அதற்கு இது போதும்.

என்னைக் கேட்டால் பிஎச்.டி முடித்த கையோடு லாரன்ஸ்தான். பாத்வே ஏற்கெனவே செல்வாக்குள்ள இடத்தில் இருப்பவருக்கு.

சரி, இந்தியாவில் இருந்தபடியே? பிரிட்டிஷ், அமெரிக்க நிதிகளுக்கு ஆய்வு அங்கே நடக்க வேண்டும். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸின் இளம் ஆய்வாளர் ஃபெலோஷிப்பைப் பாருங்கள். 5 ஆண்டுகள். எந்த நோய் என்ற கட்டுப்பாடு இல்லை. அதனால் சர்க்கரை நோய்க்காரர் காசநோய்க்காரரோடும் புற்றுநோய்க்காரரோடும் மோத வேண்டியிருக்கும்.